கோல்டு ஏர் இன்டேக் போட்ட காரா? மழைக்கு முன்னாடி இதை பண்ணிடுங்க

கோல்டு ஏர் இன்டேக்னா இன்ஜினுக்கு சூடில்லாத காத்து கிடைக்க நாம தனியா மாட்டுற குழாயும் ஃபில்டரும். மழை பெய்யுறதால இன்டேக்குக்கு ஒண்ணும் ஆகாது, எவ்ளோ ஊத்தினாலும் ஃபில்டர் கொஞ்சம் ஈரமாகும் அவ்ளோதான். ஃபில்டர் தண்ணிக்குள்ள முங்குறதுதான் ஆபத்து. கம்பெனி ஏர் பாக்ஸ், அதாவது காரோடவே வர்ற ஃபில்டர் பெட்டி, காத்து இழுக்குற வாய் பெரும்பாலும் பானெட்டுக்கு கீழயே நல்ல உயரத்துல இருக்கும், நாம சூடில்லாத காத்து வேணும்னு குழாயை நீட்டி ஃபில்டரை பம்பருக்கு பின்னாடி ஃபாக் லேம்ப் பக்கத்துல கொண்டு போய் வெக்கிறோம், அங்கேர்ந்து ரோடு எவ்ளோ கிட்டன்னு குனிஞ்சு பாருங்க. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள்ள போச்சுன்னா பிஸ்டன் மேல வரும்போது அதைத் தள்ளுற கனெக்டிங் ராட் வளைஞ்சிடும், இதைத்தான் ஹைட்ரோலாக்னு சொல்றாங்க. டீசல் இன்ஜின்ல பிஸ்டனுக்கு மேல இடம் இன்னும் கம்மி, கொஞ்சம் தண்ணியே போதும்.

அதனால முதல் வேலை, டேப் எடுத்து தரையிலேர்ந்து ஃபில்டரோட அடிப்பக்கம் வரைக்கும் அளந்துக்கோங்க. வண்டி போகும்போது முன்னாடி அலை எழும்பும், எதிர்ல பஸ் வந்தா அதோட அலை வேற, அதனால அந்த அளவுல பாதிக்கு மேல தண்ணி நிக்குதுன்னா வண்டியை திருப்பிடுங்க. சென்னையில கணேசபுரம் சப்வே, துரைசாமி சப்வே மாதிரி இடத்துல ஆழம் கண்ணுக்கு தெரியாது, அங்க யோசிக்கவே வேணாம்.

என்னைக் கேட்டா சென்னைக்காரங்க அக்டோபர் வந்ததும் பழைய ஏர் பாக்ஸையே திரும்ப மாட்டிடலாம், அரை நாள் வேலைதான், பொங்கலுக்கு அப்புறம் மறுபடி மாத்திக்கலாம். மனசு வரலையா, கீழ்ப்பக்க குழாயை மட்டும் கழட்டிட்டு ஃபில்டரை பானெட்டுக்குள்ளயே மேல வெக்க முடியுமான்னு பாருங்க, சில கிட்ல முடியும், காத்து கொஞ்சம் சூடா வரும், பரவால்ல.

ஃபில்டர் மேல மாட்டுற தண்ணி ஒட்டாத உறை கடையில கிடைக்கும், தெறிக்கிற தண்ணிக்கு நல்லது, ஆனா முங்கினா காப்பாத்தாது. பைபாஸ் வால்வுனு ஒண்ணு இருக்கு, ஃபில்டர் முங்கினதும் மேல இருக்குற ஓட்டை வழியா காத்து இழுக்கும், அதை குழாயோட உயரமான இடத்துல போடணும், அந்த வால்வே முங்கிட்டா வேஸ்ட். டர்போ வண்டிக்கு இது சரிப்படாது. வீலுக்கு உள்பக்கம் இருக்குற பிளாஸ்டிக் லைனரை இன்டேக் மாட்டும்போது கழட்டி எறிஞ்சிருந்தா திரும்ப போடுங்க, பாதி தெறிப்பு அதுலயே நின்னுடும்.

தண்ணில மாட்டிக்கிட்டா ஃபர்ஸ்ட் கியர், நடக்குற வேகம், அவ்ளோதான். சைலன்சர்ல தண்ணி போயிடும்னு பயந்து சும்மா ரேஸ் பண்ணாதீங்க, ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க இன்டேக்தான் ஜாஸ்தியா உறிஞ்சும்.

நடுவுல ஆஃப் ஆயிடுச்சா, சாவியைத் தொடவே கூடாது, தள்ளி ஓரம் கட்டி டோ வண்டியைக் கூப்பிடுங்க. மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கை (டீசல்னா க்ளோ பிளக்கை இல்லன்னா இன்ஜெக்டரை) கழட்டிட்டு இன்ஜினை சுத்தவிட்டு தண்ணியை வெளியேத்துவார், ஆயில் பால் டீ கலர்ல இருந்தா அதையும் மாத்தணும். மறுபடி ஸ்டார்ட் பண்ணி உடைஞ்ச இன்ஜினுக்கு சாதாரண பாலிசில பெரும்பாலும் பணம் தர மாட்டாங்க, இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன், அதாவது தண்ணி புகுந்து இன்ஜின் கெடுறதுக்கான கூடுதல் கவர், இருக்கான்னு இன்னைக்கே பாருங்க, இன்டேக் மாத்தினதையும் இன்சூரன்ஸ்காரங்க கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க.