மூன்று கிளைக்கு ஒரே ஐவிஆர்: எங்கெல்லாம் சொதப்பும்?

ஆபீஸ் போன் அழைப்புகளைக் கையாளும் மென்பொருள் ஆஸ்டரிஸ்க். அது ஓடும் சர்வர் சென்னையில் ஒன்று, கோவையில் ஒன்று, மதுரையில் ஒன்று. "விற்பனைக்கு 1, சர்வீஸுக்கு 2" என்று சொல்லும் குரல் மெனு, அதாவது ஐவிஆர், மூன்றுக்கும் பொதுவாக வேண்டும். ஒரே சர்வர் என்றால் அரை மணி நேர வேலை. மூன்று என்றால் வாரக்கணக்கில் இழுக்கும். மெனுவை யாரும் தப்பாகப் போடுவதில்லை. அதற்கு அடியில் கிடக்கும் எண்களைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

மூன்று ஊரிலும் எக்ஸ்டென்ஷன், அதாவது ஆபீஸுக்குள் ஒவ்வொரு போனுக்கும் உள்ள எண், 201இல்தான் தொடங்கும். தனித்தனியாக இருந்தவரை வம்பில்லை. சர்வர்களுக்கு இடையே ட்ரங்க் (அழைப்புகள் போகும் இணைப்பு) போட்டு இணைத்த பிறகு, சென்னை மெனுவிலிருந்து கோவை 201க்கு அனுப்பினால் சென்னை 201தான் அடிக்கும். சர்வர் முதலில் தன் வீட்டு எண்ணைத்தான் தேடும். எனவே ஊருக்கு ஒரு வரிசை கொடுங்கள். விசிட்டிங் கார்டு வரை மாற்ற வேண்டியிருக்கும், ஆபீஸில் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

அதற்காகச் சென்னைக்கு 2000, கோவைக்கு 3000 என்று கொடுத்துவிடாதீர்கள். மெனுவிலேயே நேரடியாக எக்ஸ்டென்ஷன் அழுத்தலாம் என்று விட்டிருந்தால், சர்வீஸுக்காக 2ஐ அழுத்தியவர் சில விநாடி நிசப்தத்தில் நிற்பார். அடுத்த இலக்கம் வருமா என்று சர்வர் காத்திருக்கும். அவரோ லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடுவார். 6000, 7000, 8000 வரிசைகளை எடுத்துக்கொண்டால் மெனுவின் 1, 2, 3 தனியாக நிற்கும்.

என் இரண்டு நாளைத் தின்றது இன்னொன்று. வெளியிலிருந்து சென்னைக்கு வந்த அழைப்பில் பட்டன்கள் வேலை செய்தன. அதே அழைப்பு மதுரை மெனுவுக்குப் போனதும், எதை அழுத்தினாலும் அதற்குக் காது கேட்கவில்லை. பட்டன் அழுத்தலைக் குரலோடு கலந்த ஒலியாகவும் அனுப்பலாம், ஆர்எஃப்சி 4733 என்ற தரநிலைப்படி தனித் தகவலாகவும் அனுப்பலாம். எங்கள் ட்ரங்கில் குரல் ஜி.729இல் போனது, பட்டன் ஒலியும் அதற்குள்ளேயே போனது. ஜி.729 பேச்சைச் சுருக்குவதற்கென்று செய்த கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை). பட்டன் ஒலியைக் கசக்கிவிடும். எல்லா ட்ரங்கிலும் 4733 என்று மாற்றியதும் சரியானது. முதல் நாளே டிடிஎம்எஃப் லாகை (பட்டன் அழுத்தல்களின் பதிவை) ஆன் செய்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்: நீங்கள் அழுத்தும் எண் அங்கே வருகிறதா இல்லையா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

உண்மையில் மதுரையில் மெனுவே இருந்திருக்கக் கூடாது. சென்னையில் ஒருமுறை தேர்வு செய்தவருக்கு, அடுத்த ஊரில் மறுபடி "வணக்கம்" சொல்வது கொடுமை. மெனு ஒரே சர்வரில் இருக்கட்டும். மற்ற ஊர்களின் ரிங் குரூப்புக்கு (ஒரே அழைப்புக்கு அடிக்கும் போன்களின் குழுவுக்கு) நேராக அனுப்புங்கள். குரல் பதிவை மூன்று இடத்தில் ஏற்றி, ஒன்றை மாற்ற மறந்து, போன வருடத் தீபாவளி விடுமுறை அறிவிப்பு ஓடும் கூத்தும் இருக்காது.

அப்புறம், தெரியாத எண்ணையெல்லாம் பக்கத்து சர்வருக்குத் தள்ளும் ரூட் வேண்டாம். அதுவும் அப்படியே திருப்பித் தள்ளினால் ஒரே அழைப்பு பந்தாக உருண்டு லைன்களை அடைத்துவிடும். கோவைக்கு 7இல் தொடங்கும் நான்கு இலக்கம் மட்டும் போகட்டும்.

கடைசியாக ஒரு சோதனை. வேலை நேரம் முடிந்ததும் கோவை சர்வரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, உங்கள் செல்போனிலிருந்து கூப்பிட்டுக் கோவையைத் தேர்வு செய்யுங்கள். எல்லா லைனும் பிஸி என்று ஆங்கிலத்தில் ஓர் அம்மா சொன்னால், மாற்று வழி கொடுக்க மறந்திருக்கிறீர்கள்.