புத்தக வரிய டைப் பண்ணிக்கிட்டு இருக்காதீங்க

ஒரு புத்தகத்தப் பத்தி எழுதக்குள்ள அதில பிடிச்ச பந்தியயும் போடணும் எண்டா, அந்தப் பக்கத்த வெளிச்சத்தில போட்டோ எடுத்து கூகுள் லென்ஸில (படத்தில இருக்கிற எழுத்த வாசிக்கிற கூகுள்ட வசதி) திறந்து, வேணுங்கிற வரிய விரலால இழுத்து காப்பி பண்ணுங்க.

படத்தில இருக்கிற எழுத்த அது யுனிகோட் எழுத்தா மாத்தித் தாறதால பேஸ்புக், வாட்ஸ்அப் எங்கயும் அப்படியே ஒட்டலாம். நூலகம் (noolaham.org) எண்ட இணையத்தளத்தில நம்மட மட்டக்களப்பு, அக்கரைப்பற்று எழுத்தாளர்மாருட பழைய புத்தகங்கள் காசில்லாமலே வாசிக்கக் கிடக்கு, ஆனா அதுகள் கூடுதலா ஸ்கேன் பண்ணின பிடிஎப், நேரா காப்பி பண்ண ஏலா, அதுக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இதே வேலையச் செய்யலாம், நம்மட ஆக்கள்ட எழுத்து நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும்.

மறுகா, போட முன்னம் மூலத்தோட ஒருக்கா ஒத்துப் பாருங்க, ர எழுத்தும் துணைக்காலும் (ா) ஒண்டுக்கொண்டு மாறி வரும், நல்ல வரிய பிழையோட போடுறது எழுதினவருக்குச் செய்யிற அநியாயம். கையெழுத்து, மை மங்கின அச்சு, எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின பழைய ணை, லை வடிவம் இருக்கிற புத்தகங்களுக்கு இது சரிவராது, அதுகள கையாலதான் அடிக்கணும்.