வீட்ல ரெண்டு வாண்டுக்கும் வரிசையா அம்மை போட்டா எப்படி பாத்துக்கிறது: முதல் தடவை பாக்கிறவங்களுக்கு

அம்மை (சின்னம்மை, அதான் சிக்கன்பாக்ஸ்) ஒரு வாரத்துல இறங்கிடும்னு எல்லாரும் சொல்வாங்க. ஒத்தப் பிள்ளை வீட்டுக்கு அது சரி, ரெண்டு பிள்ளை இருந்தா கிட்டத்தட்ட ஒரு மாசக் கணக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. மூத்தவளுக்கு (7 வயசு) மார்ச் 4ம் தேதி முத்து போட்டுச்சு, அவ நல்லாகி ஸ்கூலுக்குப் போயி நான் அப்பாடான்னு உக்காந்தப்ப 18ம் தேதி சின்னவன் (4 வயசு) சட்டையத் தூக்கி வயித்தக் காட்டுறான். நான் இருந்த லீவெல்லாம் மொத பத்து நாள்லயே போட்டு முடிச்சிருந்தேன். அதனாலதான் இத எழுதுறேன்.

1. முதல்ல காலண்டர எடுங்க

முத்து தெரிஞ்ச தேதிய வட்டம் போடுங்க. அதுல இருந்து 10வது நாள்லேருந்து 21வது நாள் வரைக்கும் ஒரு கோடு போடுங்க, அடுத்த பிள்ளைக்கு வர்றதா இருந்தா பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குள்ளதான் வரும், அதுலயும் 14, 16 நாள்தான் அதிகம். ரெண்டு பேரையும் வேற வேற ரூம்ல போட்டு பிரிச்சு வைக்கலாமேன்னு தோணும், நாங்களும் செஞ்சோம். ஆனா முத்து வெளிய தெரியிறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே அது பரவ ஆரம்பிச்சிடும், அந்த ரெண்டு நாளும் ரெண்டும் ஒரே தட்டுல மாம்பழம் தின்னுட்டு ஒரே போர்வைக்குள்ள கிடந்துச்சுங்க. அம்மை வராத, ஊசியும் போடாத ஆளு அதே வீட்ல இருந்தா பத்துல ஒம்பது பேருக்கு ஒட்டிக்கும். அதனால லீவ பாதியா பிரிச்சு வைங்க, பாதி இப்போ, பாதி அந்தக் கோட்டுக்கு.

2. வீட்ல யாருக்கெல்லாம் வந்ததில்லைன்னு அன்னைக்கே கேளுங்க

எனக்கு மூணாங்கிளாஸ்லயே வந்துடுச்சு, என் மனைவிக்கு வந்ததே இல்ல. பெரியவங்களுக்கு வந்தா பிள்ளைங்களை விட ரொம்ப கஷ்டம், நிமோனியா வரைக்கும் போகலாம். அதனால பிள்ளைய தொட்டுத் தூக்குற வேலை எல்லாம் என்னோடது, சமையலும் ஆபீசும் அவளோடதுன்னு பிரிச்சுக்கிட்டோம். ரெண்டாவது நாளே அவ டாக்டர்கிட்ட போயி தடுப்பூசி போட்டுக்கிட்டா. அம்மை கூட தொடர்பான 3 நாளுக்குள்ள, தள்ளிப் போனா 5 நாளுக்குள்ள போட்டா வராமலே போகலாம், வந்தாலும் லேசா வரும்.

அதே ஊசிய சின்னவனுக்கும் போடலாமேன்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க! எட்டாவது நாள் பிள்ளைங்க டாக்டர்கிட்ட கேட்டப்ப நேரம் தாண்டிடுச்சுன்னுட்டாங்க. இந்த ஊசி அரசாங்க இலவச லிஸ்ட்ல கிடையாது, தனியார்ல காசு கொடுத்துப் போடணும், 15 மாசத்துல முதல் டோஸ், அப்புறம் ரெண்டாவது. நாங்க அப்புறம் அப்புறம்னு தள்ளிட்டே போனது இப்படி வந்து நின்னுச்சு.

இன்னொண்ணு, பக்கத்து வீட்ல, ஸ்கூல் வேன்ல, மாசமா இருக்கிறவங்க, பச்சக் குழந்தை, கேன்சர் மருந்து எடுக்கிறவங்க யாராவது இருந்தா அன்னைக்கே போன் பண்ணி சொல்லிடுங்க, அவங்க அவங்க டாக்டர கேட்டுக்கட்டும். கூச்சப்பட வேண்டாம். எங்கம்மா வாசல்ல வேப்பிலைய சொருகினப்ப முதல்ல சிரிச்சேன், அப்புறம் பாத்தா அத விட நல்ல நோட்டீஸ் போர்டு கிடையாது, பால்காரர் கூட கேட்டுக்கு வெளியவே நின்னுட்டார்.

3. காய்ச்சலுக்கு பாரசிட்டமால், அத மட்டும்தான்

கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல வேண்டாம். சின்னவன் 14 கிலோ, அப்போ 210 மில்லிகிராம். இப்போ பாட்டில பாருங்க, 5 மில்லிக்கு 250ன்னு போட்ட சிரப்பும் இருக்கு, 125ன்னு போட்டதும் இருக்கு, மூத்தவ பாட்டில் 250, சின்னவன் பாட்டில் 125, ரெண்டும் ஃப்ரிட்ஜ் மேல பக்கத்துல பக்கத்துல! நான் பாட்டில் மேல மார்க்கர்ல பேர எழுதி வச்சேன், இல்லன்னா அர்த்த ராத்திரில கண்டிப்பா மாத்தி ஊத்தியிருப்பேன்.

ஆஸ்பிரின் கூடவே கூடாது, அம்மை நேரத்துல பிள்ளைங்களுக்கு கொடுத்தா ஈரலையும் மூளையையும் பாதிக்கிற ரெய்ஸ் சிண்ட்ரோம்னு ஒண்ணு வரலாம். ஐபுப்ரோஃபென் கலந்த காய்ச்சல் சிரப்பும் வேண்டாம், தோல்ல சீழ் பிடிக்கிறது அதிகமாகலாம்னு டாக்டருங்க தவிர்க்கிறாங்க. காம்பிஃப்ளாம்ல அது இருக்கு, வீட்ல பாதி பாட்டில் மிச்சம் இருந்தா தனியா எடுத்து வச்சிடுங்க.

4. அரிப்பு

உண்மையான வேலை இதுதான், காய்ச்சல் ரெண்டு மூணு நாள்ல போயிடும். நகத்தை ஒட்ட வெட்டுங்க, ரெண்டு பேருக்கும், உங்களுக்கும். ராத்திரி கைல பழைய காட்டன் சாக்ஸ மாட்டி விடுங்க. வேட்டித் துணி மாதிரி நைஞ்ச பருத்தித் துணிய விரிச்சுப் படுக்க வைங்க, வியர்த்தா அரிப்பு கூடும், அதனால ஃபேன் ஓடட்டும். கேலமைன் லோஷன நல்லா குலுக்கி பஞ்சுல தொட்டு முத்து மேல ஒத்தி எடுங்க, கண்ணுகிட்ட, வாய்க்குள்ள வேண்டாம். தூங்கவே முடியலன்னா அரிப்புக்கு ராத்திரி கொடுக்கிற சிரப்ப டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க.

வேப்பிலைக் கொத்தால மெதுவா வருடி விடுறது நெஜமாவே வேலை செய்யுது, நகம் படாம அரிப்பு அடங்கும். "சொறியாத சொறியாத"ன்னு நூறு தடவை கத்துறதுக்கு "தட்டு"ன்னு சொல்லிக் கொடுங்க, மூத்தவ அதுக்கு ஒரு தாளம் கண்டுபிடிச்சா, மூணு தட்டு ஒரு ஊது.

குளியல்ல எங்கம்மாவுக்கும் எனக்கும் பெரிய சண்டை. அவங்க கணக்குப்படி ஏழாம் நாள்தான் தலைக்கு தண்ணி ஊத்தணும், டாக்டர் தினம் வெதுவெதுப்பா குளிக்க வைங்கன்னார். கடைசில தினமும் வேப்பிலை போட்டு வெயில்ல வச்ச தண்ணில உடம்புக்கு மட்டும், தலைக்கு ஏழாம் நாள் பூசையோடன்னு முடிவாச்சு, ரெண்டு பேரும் ஜெயிச்ச மாதிரி. துண்டால தேய்க்காதீங்க, ஒத்துங்க. உடைஞ்ச முத்து மேல மட்டும் மஞ்சள் அப்ப விடல, புண்ணு சிவக்குதா இல்லையான்னு நமக்குத் தெரியணுமே.

5. சாப்பாடு

வாய்க்குள்ளயும் முத்து வரும், அதனால காரம், புளிப்பு, சூடு மூணும் வேண்டாம். தயிர் சாதம், ஆறின கேப்பக்கூழ், இளநீர், நுங்கு, தர்பூசணி. வீட்ல தாளிக்கக் கூடாதுன்னு அம்மா சொன்னதுக்கு நான் சண்டை போடல. மூத்தவ இளநீர் குடிக்கிறத பாத்து சின்னவன் "எனக்கு எப்ப அம்மா வருவா"ன்னு அழுதான், வந்ததும் இளநீர தொடவே இல்ல. சாப்பிடலன்னா விடுங்க, தண்ணி உள்ள போகுதா, ஒண்ணுக்கு போறானான்னு மட்டும் பாருங்க. அங்கயும் முத்து இருந்தா ஒண்ணுக்கு போறப்ப எரியும், போறப்பவே வெதுவெதுப்பான தண்ணிய மேல ஊத்தினா தாங்கிக்கிறாங்க.

6. ரெண்டாவது பிள்ளைக்கு முதல் முத்து தெரிஞ்சதும்

உடனே டாக்டர்கிட்ட. ஒரே வீட்ல ரெண்டாவதா வர்ற பிள்ளைக்கு முத்து பெரும்பாலும் அதிகமா இருக்கும். மூத்தவளுக்கு நூறு இருக்கும், சின்னவனுக்கு எண்ணவே முடியல, தலைமுடிக்குள்ள, இமை மேலன்னு. ஏசைக்ளோவிர்னு மருந்து இருக்கு, முத்து வந்த 24 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்ல பலன். எல்லாருக்கும் தர மாட்டாங்க, டாக்டர் முடிவு பண்ணுவார், ஆனா அவர் முடிவு பண்ண அந்த 24 மணி நேரத்த நாம மிச்சம் வைக்கணும். அதுக்குத்தான் அந்தக் கோட்டு நாள்கள்ல தினமும் குளிக்க வைக்கிறப்ப வயிறு, முதுகு, தலை பாக்கச் சொல்றேன்.

எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்

காய்ச்சல் நாலு நாளுக்கு மேல இருந்தா, இல்ல விட்டுட்டு திரும்ப ஏறினா. ஒரு முத்தச் சுத்தி சிவந்து வீங்கி சூடா வலிச்சா. மூச்சு வாங்கினா, வாந்தி நிக்காம எடுத்தா, எழுப்பினாலும் மயங்கி மயங்கி விழுந்தா, தள்ளாடி நடந்தா, கழுத்த மடக்க முடியலன்னா. அந்த நேரத்துல அம்மா கோவிச்சுக்குவான்னு யார் சொன்னாலும் காதுல வாங்காதீங்க, கும்பிட்டுட்டே ஆட்டோ ஏறலாம்.

திரும்ப ஸ்கூலுக்கு

எல்லா முத்தும் காஞ்சு பொருக்கு தட்டினா போதும், பொதுவா 5ல இருந்து 7 நாள், பொருக்கு உதிரணும்னு இல்ல. பிச்சு எடுத்தா பள்ளம் விழும், மூத்தவளுக்கு நெத்தில ஒண்ணு அப்படி விழுந்துடுச்சு. துணி, போர்வைய சாதாரணமா துவைச்சு வெயில்ல போட்டா போதும்.

எங்க வீட்ல இப்ப பாக்கி மனைவியோட ரெண்டாவது டோஸ்தான், முதல் டோஸ்ல இருந்து 4 முதல் 8 வாரத்துக்குள்ள போடணும், அதே காலண்டர்லயே வட்டம் போட்டு வச்சிருக்கேன்.