சின்னப் படகு அலையில் தூக்கித் தூக்கிப் போடுகிறதா? எடையிலிருந்து ஆரம்பியுங்கள்

காற்று கொஞ்சம் ஏறி, குட்டை குட்டையாக அலை நெருங்கி வரத் தொடங்கினால் பதினாலு அடி மீன்பிடிப் படகு என்ன பாடு படுத்தும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். மூக்கு மேலே போகும், ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும், அப்புறம் பொத்தென்று விழும். அந்த அடி இடுப்பில் இறங்கி முதுகு வழியாகப் பல் வரைக்கும் ஏறும். புதிதாகப் படகு வாங்கிய பலர் இரண்டு தடவை இப்படி அடி வாங்கியதுமே எதையாவது வாங்கி மாட்டலாம் என்று கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், செலவே இல்லாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் அடி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு வாளி தண்ணீரில் கையைக் கத்தி மாதிரி பக்கவாட்டில் இறக்குங்கள், சத்தமில்லாமல் உள்ளே போகும். அதே கையை விரித்து உள்ளங்கையால் அடித்தால் அறையும். உங்கள் படகின் அடிப்பாகத்தில் இந்த இரண்டும் இருக்கின்றன: மூக்கின் கீழே கூர்மை, பின்னால் போகப் போகத் தட்டை. பாரம் எல்லாம் பின்னால் இருந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், கூர்மையான பகுதி காற்றில் சும்மா தொங்கும், அலையில் விழுவது தட்டையான பகுதிதான். ஆகவே நாம் செய்யப்போகும் வேலை ஒன்றுதான், அந்தக் கூர்மையை நீருக்குள் கொண்டுவருவது.

(ரே ஹண்ட் என்ற வடிவமைப்பாளர் அடிப்பாகத்தின் கூர்மையைப் பின்பக்கம் வரைக்கும் விடாமல் கொண்டுபோனார். அப்படிக் கட்டிய 'மாப்பி' என்ற படகு 1960-இல் மயாமி–நசாவ் பந்தயத்தில் கடும் கொந்தளிப்பில் ஜெயித்தது. ஆழமான 'வி' வடிவப் படகுகள் பிரபலமானது அதற்குப் பிறகுதான். நம் கையில் இருப்பது பெரும்பாலும் தட்டை அடிப் படகு என்பதால் நாம் வேறு வழியில்தான் போக வேண்டும்.)

படி 1: பாரத்தை முன்னால் நகர்த்துங்கள்

பின்பக்கம் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எஞ்சின், அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள், பேட்டரி, பெட்ரோல் டேங்க், சில சமயம் ஐஸ் பெட்டியும். 25 லிட்டர் பெட்ரோலே 18 கிலோவுக்கு மேல் இருக்கும், ஒரு பெரிய பேட்டரி 20 கிலோவைத் தாண்டும். எஞ்சினை நகர்த்த முடியாது, மற்றதை நகர்த்தலாம். டேங்கையும் ஐஸ் பெட்டியையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், பேட்டரியை இன்னும் கொஞ்சம் முன்னால் வையுங்கள். வயரும் பெட்ரோல் குழாயும் எட்டுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வைத்ததை எல்லாம் பட்டை போட்டுக் கட்டியே ஆக வேண்டும், அலையில் நகரும் பேட்டரி ஆளையே காயப்படுத்தும்.

அதற்காக எல்லாவற்றையும் மூக்கிலேயே கொண்டுபோய்க் கொட்டிவிடாதீர்கள். மூக்கு அமுங்கிப்போன படகு முன்னால் இருக்கும் அலைக்குள் குத்திக்கொள்ளும், அது அடி வாங்குவதைவிட மோசம்.

படி 2: உள்ளே தேங்கிய தண்ணீர்

இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். நீங்கள் சாயும் பக்கமே தண்ணீரும் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். தரைப்பலகைக்கு அடியில் தேங்கும் தண்ணீரும் படகை அப்படித்தான் ஆட்டுகிறது. கிளம்பும் முன் முழுக்க இறைத்துவிடுங்கள். பழைய படகு என்றால் அடியில் இருக்கும் ஃபோம் நீரை உறிஞ்சி ஊறிப்போயிருக்கலாம். டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றி, டிரெய்லர் எடையைக் கழித்து, மிச்சத்தைப் படகின் அசல் எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

படி 3: எஞ்சின் சாய்வு

சின்ன எஞ்சின்களில் பிடிமானச் சட்டத்தில் வரிசையாக நாலைந்து துளைகளும் அதில் ஒரு பின்னும் இருக்கும். எஞ்சினை நிறுத்தி, மேலே தூக்கி, பின்னை உருவி, படகின் பக்கமாக ஒரு துளை உள்ளே மாற்றுங்கள். புரொப்பெல்லர் படகை நோக்கி வரும், ஓடும்போது மூக்கு இறங்கும். ஒரே ஒரு துளைதான், ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்தது. ஸ்டீயரிங் கனமாகி ஒரு பக்கமாக இழுத்தால் அளவுக்கு மீறிப் போய்விட்டீர்கள், ஒரு துளை திரும்பி வாருங்கள். பட்டனில் சாய்வை மாற்றும் வசதி இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

அப்படியே புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையும் பாருங்கள். அது படகின் அடிமட்டத்துக்கு நேராக, அல்லது ஓர் அங்குலம் வரை மேலே இருந்தால் சரி. ரொம்ப மேலே போனால் அலையில் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வீணாகச் சுற்றும்.

படி 4: வேகமும் திசையும்

வேகம் இரண்டு மடங்கானால் அடி ஏறக்குறைய நாலு மடங்காகும். அதனால் குறையுங்கள், ஆனால் மூக்கு தூக்கிப் பின்பக்கம் அமுங்கும் அந்த நடு வேகத்தில் மட்டும் ஓட்டாதீர்கள். ஒன்று நீரின் மேல் வழுக்கும் குறைந்தபட்ச வேகம், இல்லையென்றால் அதற்கும் கீழே நன்றாக இறங்கி மெதுவாக.

எதிர் அலையை நேராக முட்டாமல் 30 முதல் 45 டிகிரி சாய்வாக வாங்குங்கள். போக வேண்டிய இடம் நேர் எதிரே இருந்தால் வலம் இடமாக மாற்றி மாற்றிப் போக வேண்டியதுதான், தூரம் கூடினாலும் உடம்பு தாங்கும். அலை பின்னாலிருந்து வரும்போது மட்டும் எல்லாம் தலைகீழ். அப்போது மூக்கைத் தூக்கி வையுங்கள், முன்னால் போகும் அலையின் முதுகிலேயே இருங்கள், அதன் உச்சியைத் தாண்டி இறங்காதீர்கள். தாண்டினால் மூக்கு நீரில் குத்தும், பின்பக்கத்தை அடுத்த அலை தள்ளும், படகு குறுக்கே திரும்பிக் கவிழும். லைஃப் ஜாக்கெட்டும், எஞ்சினை நிறுத்தும் கயிறு உடம்பில் மாட்டியிருப்பதும் இதற்காகத்தான்.

படி 5: இப்போது வேண்டுமானால் கடைக்குப் போகலாம்

பின்பலகையின் அடியில் இரு பக்கமும் மாட்டும் சின்னத் தகடான டிரிம் டேப், எஞ்சின் தட்டில் பொருத்தும் இறக்கை, நாலு இலைப் புரொப்பெல்லர் என்று மூன்று உண்டு. மூன்றுமே பின்பக்கத்தைத் தூக்கிக்கொடுத்து மூக்கை இறக்கும், குறைந்த வேகத்திலும் படகை வழுக்க வைக்கும். என்னைக் கேட்டால் புரொப்பெல்லரில் ஆரம்பிப்பேன். துளை போட வேண்டாம், சரிவராவிட்டால் பழையதையே மாட்டிக்கொள்ளலாம், அலையில் பிடிப்பும் கூடும். அப்புறம் உட்காரும் பலகையில் கெட்டியான ஃபோம் போடுங்கள், மெத்தென்று இருப்பது ஒரே அடியில் அடிவரை அமுங்கிவிடும்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், ஏறக்குறைய அதே காற்றில், அதே பாதையில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரிக்கு இடம் பிடித்துவிட்டது என்று தோன்றினாலும் உடனே போல்ட் போடாதீர்கள். தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்து, பட்டையால் கட்டி நாலைந்து பயணம் போய் வாருங்கள், ஒரு நாளாவது கூட ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு. அவர் எங்கே உட்காருகிறார் என்பதைப் பொறுத்து பேட்டரியின் இடம் ஓர் அடி முன்னே பின்னே மாறும்.