காற்று மட்டும் போதாது: கொலம்பியா ஆற்றில் இறங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற அக்டோபரில், அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றின் வாஷிங்டன் மாநிலக் கரையிலுள்ள ஸ்டீவன்சன் துறையில் இரண்டு இளைஞர்கள் பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹில்ஸ்பரோவில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள். கோடை முழுவதும் அதே ஆற்றங்கரை ஊரான ஹூட் ரிவரில் விண்ட்சர்ஃபிங் (பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றால் நீரின்மேல் ஓடுவது) கற்றவர்கள். கிழக்கிலிருந்து காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. அலை குறைவு. நீர் பார்க்கச் சாதுவாக இருந்தது.

"எப்படித் திரும்பி வருவீர்கள்?" என்று கேட்டேன்.

"ஜூலையில் தினமும் புறப்பட்ட இடத்திலேயே கரையேறினோம், அண்ணா. அது எங்களுக்குக் கைவந்துவிட்டது" என்றான் மூத்தவன்.

அதே பதிலை ஒருகாலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன், ஏறக்குறைய அதே இடத்தில் நின்று. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். லைஃப் ஜாக்கெட் போடுங்கள், தனியாக இறங்காதீர்கள் என்பவற்றை முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். இரண்டு மூன்று பருவம் ஓட்டிய பிறகும் மனிதர்கள் செய்கிற தவறுகள் வேறு.

ஓர் ஊரின் காற்று எண்ணை மட்டும் வைத்து அன்றைய ஓட்டத்தை முடிவு செய்வது

ஒரிகனுக்கும் வாஷிங்டனுக்கும் எல்லையாக ஓடும் கொலம்பியா, கேஸ்கேட் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு மேற்கே கடலுக்குப் போகிறது. அந்த அறுப்புதான் ஏறக்குறைய 130 கிலோமீட்டர் நீளமுள்ள கொலம்பியா பள்ளத்தாக்கு. கோடையில் மேற்கே கடற்காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கிறது. கிழக்கே வறண்ட நிலம் வெயிலில் காய்ந்து காற்றழுத்தம் இறங்குகிறது. நடுவில் மலைச்சுவர். அந்தச் சுவரில் கடல்மட்டத்தை ஒட்டித் திறந்திருக்கும் ஒரே வாசல் இந்தப் பள்ளத்தாக்கு. அதன் வழியாக மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பீறிட்டு ஓடுகிறது.

ஆகவே கைபேசியில் ஹூட் ரிவரின் காற்று வேக எண்ணை மட்டும் பார்ப்பது பாதிச் செய்திதான். மேற்கே போர்ட்லண்டுக்கும் கிழக்கே தி டால்ஸுக்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாடு கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். பிறகு தலையை நிமிர்த்தி மேகத்தைப் பாருங்கள். கடல்மேகம் மேற்கே கேஸ்கேட் லாக்ஸ் வரை வந்து நிற்க, ஹூட் ரிவரில் வெயில் அடித்தால் நல்ல நாள். அந்த மேக விளிம்புக்குச் சற்றுக் கிழக்கேதான் காற்று உரமாக இருக்கும். மேகம் ஹூட் ரிவரையே மூடித் தூறத் தொடங்கிவிட்டால் அங்கே உட்கார்ந்து காத்திருக்காதீர்கள். காற்று கிழக்கே நகர்ந்திருக்கும். ரோவீனாவோ, லைல் என்ற ஊரை ஒட்டிய டக்ஸ் பீச்சோ, இன்னும் தொலைவில் ஆர்லிங்டனோ, வண்டியை எடுத்துக்கொண்டு மேகத்தை முந்திப் போக வேண்டும்.

காலையில் எழும் காற்று முற்பகலில் ஓய்வதும் பிற்பகலில் மறுபடி எழுவதும் கோடையில் வழக்கம். பதினொரு மணிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களுக்காக நான் வருத்தப்பட்டதுண்டு. காட்டுத்தீப் புகை அடர்ந்து கவிந்த நாள் மட்டும் விதிவிலக்கு. புகை வெயிலை மறைத்தால் கிழக்கு நிலம் காயாது. நிலம் காயாவிட்டால் இழுக்கும் விசையும் குறையும்.

காற்றைப் பார்த்து ஆற்றை மறப்பது

இதுதான் எனக்கு இன்றும் ஆற்றாமை தருகிற தவறு. நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏரியில் காற்று மட்டுமே ஓடுகிறது. ஆற்றில் இரண்டு ஓட்டங்கள் இருக்கின்றன, மேலே காற்று, கீழே நீர். கொலம்பியாவின் நீர் எப்போதும் மேற்கு நோக்கித்தான் ஓடுகிறது. கோடை மேல்காற்றோ கிழக்கு நோக்கி வீசுகிறது. இரண்டும் எதிரெதிர். நீங்கள் பலகையோடு விழுந்து கிடக்கும்போதுகூட ஆறு உங்களைக் காற்றுக்கு எதிராக மேற்கே தள்ளிக்கொண்டிருக்கிறது. காற்றை எதிர்த்து ஏறுவதுதான் இந்த விளையாட்டிலேயே கடினமான பாடம். கோடையில் அந்தப் பாடத்தில் பாதியை ஆறு உங்களுக்காக எழுதிக் கொடுத்துவிடுகிறது. "புறப்பட்ட இடத்திலேயே கரையேறினேன்" என்று சொல்கிறவர், தன்னைக் கொண்டுவந்து சேர்த்தது யார் என்று பார்ப்பதில்லை.

அக்டோபரில் நிலைமை தலைகீழாகிறது. கிழக்குச் சமவெளியில் குளிர்காற்று தேங்கி, அழுத்தம் அந்தப் பக்கம் ஏறி, பள்ளத்தாக்கில் கிழக்கிலிருந்து கீழ்காற்று வீசத் தொடங்கும். நம் கடற்கரைகளில் மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்றும் கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். திசைக்கு ஒரு பெயர் வைத்துப் பழகியவர்களுக்குத் திசை மாறினால் கடலும் மாறும் என்பது தெரிந்திருந்தது. கைபேசியில் எண்ணை மட்டும் பார்க்கும் நமக்கு அது மறந்துபோகிறது. கொண்டல் வீசும் நாளில் காற்றும் நீரும் ஒரே திசையில் போகின்றன. ஆறு இப்போது உங்கள் கூட்டாளி இல்லை.

சிறு கணக்கு. காற்று மணிக்கு 35 கிலோமீட்டர், நீர் மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாய் உணர்வது கரையில் இருக்கும் காற்றுமானியின் எண்ணை அன்று. நீரின்மேல் காற்று என்ன வேகத்தில் போகிறது என்பதைத்தான். மேல்காற்றில் அது 38, கீழ்காற்றில் 32. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 38-ஐயும் 32-ஐயும் வர்க்கப்படுத்திப் பாருங்கள், முதலாவது ஏறக்குறைய 1.4 மடங்கு. அதாவது ஆகஸ்டில் 5 சதுர மீட்டர் பாய் இழுத்த அளவுக்கு அக்டோபரில் இழுக்க 7 சதுர மீட்டர் வேண்டும், கைபேசியில் எண் ஒன்றாகவே இருந்தாலும். குளிர்காற்று சற்று அடர்த்தியானது என்பதால் கொஞ்சம் ஈடாகும். முழுதாக ஈடாகாது.

இந்தக் கணக்கை நான் செய்யாமல் இறங்கினேன். பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஸ்டீவன்சனில் கீழ்காற்று, மணிக்கு 22 மைல். கோடையில் 22 மைலுக்கு 5 சதுர மீட்டர் பாய் கட்டுவது வழக்கம். அதையே கட்டினேன். முதல் ஓட்டத்தில் பலகை எழும்பிச் சறுக்கவில்லை. நடு ஆற்றில் காற்று கூடும் என்று நினைத்து மேலும் உள்ளே போனேன். திருப்பத்தில் இரண்டு முறை விழுந்தேன். ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்க மூன்று நான்கு நிமிடம் ஆனது. நிமிர்ந்து பார்த்தபோது எதிரே இருந்த மரங்கள் நான் புறப்பட்ட துறையின் மரங்கள் அல்ல.

ஏறிவிடலாம் என்று நான்கு முறை குறுக்கே போய்த் திரும்பினேன். நான்கு முறையும் முன்னைவிட மேற்கேதான் வந்து நின்றேன். பிரிட்ஜ் ஆஃப் தி காட்ஸ் என்ற இரும்புப் பாலம் மேற்கே பெரிதாகிக்கொண்டே வந்தது. அங்கே ஆறு குறுகுகிறது, நீரோட்டம் வலுக்கிறது. அதற்கு அப்பால் பானவில் அணை இருக்கிறது. அந்தப் பாலத்தைப் பார்த்துக்கொண்டே மிதந்த நிமிடங்களை நான் மறக்கவில்லை.

துறையை விட்டுவிட்டு, கரை கிடைத்தால் போதும் என்று வாஷிங்டன் பக்கம் திருப்பினேன். கரை என்பது அங்கே ரயில் பாதைக்காகக் கொட்டிய பாறைகள். பாய்மரம் பாறை இடுக்கில் சிக்கி ஒடிந்தது. பாய் கிழிந்தது. உள்ளங்கை கிழிந்தது. நனைந்த உடையோடு சாலையோரமாக நடந்து வண்டிக்குத் திரும்பியபோது, சாவியைத் துளையில் செருகக்கூட விரல் வளையவில்லை. ஒரு பருவத்துக்காகச் சேர்த்த பணம் அந்த ஒரு மணி நேரத்தில் போயிற்று. அணை வரை போகாமல் நின்றதை நினைத்தால் அது பெரிய இழப்பில்லை.

எனக்கு எரிச்சல் தருவது இதுதான்: மூன்று செயலிகளில் காற்றைப் பார்க்கிறவர்கள், ஒரு குச்சியை எடுத்து நீரில் போட்டுப் பார்ப்பதில்லை. பாய் கட்டுவதற்கு முன் குச்சியைப் போடுங்கள். கைக்கு எட்டும் தூரத்தில் வேண்டாம், கரையோரத்தில் நீர் தேங்கியோ எதிர்ச்சுழியிலோ இருக்கும், ஏமாற்றிவிடும். துறையில் படகு மேடை இருந்தால் அதன் நுனியிலிருந்து போடுங்கள். கப்பல் வழியைக் காட்டும் மிதவை கண்ணில் பட்டால் அதைவிட நல்லது. மிதவை சாய்ந்து நின்று, அதன் பின்னால் நீர் வாலாக நீண்டால் ஓட்டம் வலுவாக இருக்கிறது.

அணையின் நீர்வரத்தையும் பாருங்கள். மேட்டூர் செய்தியில் படித்துப் பழகிய அதே கன அடிக் கணக்குத்தான். பனி உருகும் மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் வினாடிக்கு 3 லட்சம் கன அடியைத் தாண்டும் ஆண்டுகள் உண்டு. செப்டம்பரில் அது 1 லட்சத்தை ஒட்டி இறங்கிவிடும். மின்சாரத் தேவைக்கேற்ப அணையைத் திறப்பதால் ஒரே நாளிலும் காலைக்கும் மாலைக்கும் மாறும்.

கீழ்காற்று நாளில் இறங்கினால் கரையில் ஒரு மரத்தையோ கட்டடத்தையோ குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஒருமுறை போய்த் திரும்புங்கள். அந்த அடையாளத்துக்குக் கிழக்கே வந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்னொருமுறை முயலுங்கள். அப்போதும் இல்லையென்றால் உடனே கரையேறிவிடுங்கள். மூன்றாவது முயற்சி வேண்டாம். மணிக்கு 3 கிலோமீட்டர் ஓட்டத்தில் இருபது நிமிடத் தயக்கம் ஒரு கிலோமீட்டர். புறப்படும் முன்பே, மேற்கே எந்த இடத்தில் பாறையில்லாத கரை இருக்கிறது என்று சாலையில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கோடையிலும் ஆற்றின் உதவிக்கு ஒரு விலை உண்டு. காற்றும் நீரும் மோதுவதால் அலை செங்குத்தாக எழும். ஹூட் ரிவருக்கு எதிர்க்கரையில் ஒரு துறைக்கு ஸ்வெல் சிட்டி என்றே பெயர். மாலையில் காற்று சட்டென்று விழுந்தால் எதிர்த்து நிறுத்த ஒன்றுமில்லை, ஆறு உங்களை மேற்கே எடுத்துக்கொண்டு போகும். ஜூன் மாதத்து நீரில் இது வேகமாக நடக்கும். மாலைக் காற்று தளரத் தொடங்கும்போதே துறைக்குக் கிழக்கே வந்துவிடுங்கள். காற்று நின்றால் ஆறே உங்களைத் துறைக்குக் கொண்டுவரும்.

சராசரியைப் பார்ப்பது

மலை முனைகளுக்குப் பின்னால் காற்று உடைகிறது. சராசரி 25 மைல் என்று காட்டும் நேரத்தில் 17-க்கும் 34-க்கும் இடையே ஊசலாடலாம். 34-இன் விசை 17-இன் விசையைப்போல நான்கு மடங்கு. வீச்சின் உச்சத்தையும் தாழ்வையும் பார்த்த பிறகு சராசரியைப் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் புதியவர்கள், முக்கியமாகக் கைட் என்னும் பெரிய பட்டத்தால் இழுபட்டு ஓடுகிறவர்கள், அன்று கரையிலேயே இருப்பது நல்லது. பாயைக் கைவிட்டால் அது நீரில் விழுந்து கிடக்கும், கைட் ஆளையும் தூக்கிக்கொண்டு போகும்.

அலகைக் கேட்காமல் இருப்பது

இங்கே எல்லாரும் மைலில் பேசுவார்கள். 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) என்பது மணிக்கு 23 மைல். 20 நாட்டை 20 மைல் என்று எடுத்துக்கொண்டால் விசையில் மூன்றில் ஒரு பங்கு வேறுபாடு.

கரையில் நின்று பாயின் அளவை முடிவு செய்வது

நீரிலிருந்து ஏறி வருகிறவரிடம் கேளுங்கள். பாயின் அளவு ஆளின் எடையையும் பொறுத்தது, அவர் எடையையும் கேளுங்கள்.

வெயிலைப் பார்த்து உடுத்துவது

ஏப்ரலில் கரையில் சட்டை போதும் என்று தோன்றும். அப்போது ஆறு 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கோடை நடுவில்தான் 20 டிகிரிக்கு வரும். வெட்சூட்டை (குளிர்நீருக்கான ரப்பர் உடையை) நீரின் வெப்பத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பார்ஜ் நின்றுவிடும் என்று நினைப்பது

நிற்காது. தானியம் ஏற்றிய பார்ஜுகளை (தட்டையான சரக்குப் படகுகளை) தள்ளிவரும் படகுக்கு உங்களைப் பார்த்த பின் நிற்கவோ விலகவோ இடமில்லை. தன் உயரத்தால் அது காற்றையும் மறைக்கும். முன்னால் கடக்கலாம் என்று போய், அதன் எதிரிலேயே காற்றிழந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தொலைவில் தெரிந்ததும் கப்பல் வழியை விட்டு விலகுங்கள்.

இடி

முதல் ஒலியிலேயே கரைக்கு வாருங்கள். பாய்மரம் கார்பன் இழை. மின்சாரத்தைக் கடத்தும்.