முதல் பங்கு வாங்குவதற்கு முன்

ஆறு மாத வீட்டுச் செலவுக்கான தொகையைத் தனியாக எடுத்து வைத்த பிறகே பங்குச் சந்தைப் பக்கம் வாருங்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் இங்கே போடவே கூடாது. சந்தை சரிந்த நேரத்தில் அவசரத்துக்கு விற்க நேர்ந்தால், தாளளவில் இருந்த நஷ்டம் நிஜமாகிவிடும்.

நஷ்டத்தின் கணக்கு பலருக்குப் புரிவதில்லை. 100-க்கு வாங்கிய பங்கு 50-க்கு இறங்கினால் இழப்பு 50 சதவீதம். ஆனால் பழைய விலைக்குத் திரும்ப அது 100 சதவீதம் ஏற வேண்டும். 20 சதவீதம் இறங்கியிருந்தால் 25 சதவீத ஏற்றம் போதும். அதனால்தான் ஒரே பங்கில் மொத்தத்தையும் கொட்டாதீர்கள் என்கிறோம். தொடக்கத்தில் எந்தப் பங்கும் முதலீட்டில் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். அத்தனை நிறுவனங்களைப் படிக்க நேரமில்லையா? சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை மொத்தமாக வாங்கி வைக்கும், செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றே போதும், அதில் குறைவொன்றும் இல்லை.

ஆர்டர் போடும்போதும் சறுக்கல் உண்டு. வர்த்தகம் குறைவான ஒரு பங்குக்கு, வாங்க நிற்பவர்கள் 98 தான் தருவோம் என்கிறார்கள், விற்க நிற்பவர்கள் 103 கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிடைக்கும் விலைக்கே வாங்கச் சொல்லும் மார்க்கெட் ஆர்டர் கொடுத்தால் 103-க்கு வாங்கிவிட்டு, அடுத்த நொடியே கிட்டத்தட்ட 5 சதவீதம் பின்தங்கி நிற்பீர்கள். லிமிட் ஆர்டரில் 100 என்று குறித்தால் அதற்கு மேல் போகாது. வாங்க முடியாமலும் போகலாம், போகட்டும்.

வாங்கும் காரணத்தை இரண்டு வரியில் எழுதி வையுங்கள்: நிறுவனத்துக்கு லாபம் எங்கிருந்து வருகிறது, அதன் கடன் எவ்வளவு, எது மாறினால் விற்பீர்கள். விலை இறங்கும் நாளில் அதை எடுத்துப் பாருங்கள். காரணம் அப்படியே இருந்தால் பொறுக்கலாம். அதுவே உடைந்திருந்தால், வாங்கிய விலை வரட்டும் என்று காத்திருக்காமல் விற்றுவிடுங்கள்.