செட் அப்புறம், முதலில் கம்பி

ஹாம் ரேடியோ, அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுவது, அதற்கான தேர்வு எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சார், எந்த செட் வாங்கலாம்?" என்பதுதான். செட் இருக்கட்டும், உங்கள் மொட்டை மாடி எத்தனை அடி நீளம் என்று திருப்பிக் கேட்பேன். முப்பது வருஷமாக 40 மீட்டர் பேண்டில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில், பேசிவருகிறேன். பழைய செட்டாக இருந்தாலும் நல்ல ஆண்டெனா கட்டியவர் குரல் பளிச்சென்று வந்து விழும். புது செட்டோடு ஜன்னலோரம் ஒயரைத் தொங்கவிட்டவர் குரல் இரைச்சலில் அமுங்கிப்போகும்.

முதல் ஆண்டெனாவுக்கு டைபோல் போதும்: இரண்டு பக்கமும் சம நீள ஒயர், நடுவில் செட்டிலிருந்து வரும் கேபிள். 143-ஐ நீங்கள் பேசும் அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1-க்கு 20.14 மீட்டர், அதாவது பக்கத்துக்கு 10.07. அப்படியே வெட்டிவிடாதீர்கள், பக்கத்துக்கு 10.4 வைத்துக்கொள்ளுங்கள், பிறகு குறைத்துக்கொள்ளலாம். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் செம்பு ஒயரே போதும். நடுப்பகுதியை பைப்பின் உச்சியில் ஏற்றி, இரு பக்கமும் கூரைச் சரிவுபோல இறக்கி, நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். பேசும்போது முனைகளில் வோல்டேஜ் ஏறும், யார் கைக்கும் எட்டக் கூடாது. பக்கத்தில் கரண்ட் கம்பி போனால் அந்த இடமே வேண்டாம்.

லைசென்ஸ் கையில் இருந்தால், பேண்ட் காலியா என்று கேட்டுவிட்டு, குறைந்த பவரில் எஸ்.டபிள்யூ.ஆர். பாருங்கள்; ஆண்டெனா செட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு அது, 1-ஐ நெருங்க நெருங்க நல்லது. 7.1-க்குக் கீழே உள்ள அலைவரிசையில் மீட்டர் முள் மிகக் குறைவாக நின்றால் ஒயர் தேவைக்கு மேல் நீளம் என்று அர்த்தம். பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர் குறைத்தால் சுமார் 35 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். வெட்டாமல் மடித்துச் சுற்றிப் பாருங்கள், தப்பினால் பிரித்துக்கொள்ளலாம்.

கேபிள் சேரும் இடத்தில்தான் நான் அடிபட்டேன். ஒரு ஐப்பசி மழையில் எஸ்.டபிள்யூ.ஆர். திடீரென்று 3-ஐத் தாண்டியது. செட்டைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டு நாள் கழித்துக் கேபிளின் மேல் தோலைக் கீறினால், பின்னல் கம்பி பச்சை பூத்துக் கிடந்தது, அழுத்தினால் தண்ணீர் கசிந்தது. ஒரு முழம் வெட்டியும் பச்சை விடவில்லை, மொத்தக் கேபிளையும் மாற்றினேன். இப்போது சால்டர் வைத்ததும் சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி, கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றி, மேலே டேப் ஒட்டுகிறேன். வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளை ஒரு வளையம் தொங்கவிடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பேச ஆரம்பித்த பிறகு ஒன்று: எதிராளி முடித்ததும் மைக்கில் பேசும் பொத்தானை உடனே அமுக்காதீர்கள். இரண்டு விநாடி விடுங்கள், அவசரச் செய்தி உள்ளவர் நுழைய அந்த இடைவெளிதான் வழி. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் தம் ஹாம் நிலையத்திலிருந்து எத்தனையோ குடும்பங்களுக்குச் செய்தி சேர்த்தார். நீங்கள் விடும் அந்த இரண்டு விநாடியிலும் அப்படி ஒருவர் கூப்பிடலாம்.